ஒரு துளிப் புரதமும் ஒரு குப்பியின் விலையும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கண்ணுக்குள் போடும் ஊசி. சர்க்கரை நோயாலும் முதுமையாலும் விழித்திரையில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவற்றை அடக்க ஒரு புரத மருந்தை ஊசி வழியே நேரே கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். இருபது ஆண்டுகளாக இது நடந்துவருகிறது. மருந்து நல்ல மருந்து; அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அந்த மருந்து கிடைக்கும் ஊர்களிலேயே மனிதர்கள் பார்வையை இழந்துகொண்டிருக்கிறார்கள். ஏன்? மருந்தின் வீரியம் போதவில்லையா? இன்னும் புதிதாக ஒன்று வர வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலும் ஊசி நின்றுபோவதால்தான் பார்வை போகிறது. ஊசி நின்றுபோவது விலையாலும் அலைச்சலாலும். ஆகவே, இருக்கிற மலிவான மருந்தைப் பாதுகாப்பாகப் பிரித்து, தவணை தவறாமல் போட வழிசெய்வதே நமக்கு முதல் வேலை. புது மருந்துக்கு ஏங்குவது அதற்கு அடுத்த வேலை. இதுதான் என் கட்சி. இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை பல உண்டு. அவற்றையும் ஒளிக்காமல் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் நரம்புப் படலம். அதன் தடிமன் ஏறக்குறையக் கால் மில்லிமீட்டர். ஆள் மெலிவு, பசி பெரிது: எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே ஆக்சிஜனை மிகுதியாகச் செலவழிக்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. பல ஆண்டுச் சர்க்கரை நோயில் அதன் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ரத்தம் எட்டாத பகுதியில் உள்ள செல்கள் திணறுகின்றன. ஆக்சிஜன் குறைவதை ஒரு செல் எப்படி உணர்ந்துகொள்கிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2019இல் மூன்று அறிவியலாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உணர்ந்த செல் சும்மா இருப்பதில்லை. ரத்தம் வேண்டும் என்று அறிவிக்கும் ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் மருத்துவர்கள் விஇஜிஎஃப் என்பார்கள். அறிவிப்பு போனதும் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. முளைத்தால் நல்லதுதானே? நல்லதாக இருந்திருக்கும், உறுதியான குழாய்களாக முளைத்திருந்தால். இவையோ அளவெடுக்காமல் அவசரத்தில் இழுத்துவிட்ட தண்ணீர்க் குழாய் இணைப்பு மாதிரி. கசிவும் உடைப்பும் கூடவே பிறந்தவை. கண்ணை நிரப்பியிருக்கும் தெளிந்த கூழுக்குள் ரத்தம் கொட்டுகிறது. குழாயோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுக்கிறது. புதுக் குழாய் முளைக்காத கண்ணிலும் அதே புரதம் பழைய குழாய்களின் சுவரைத் தளர்த்தி நீரைக் கசியவிடுகிறது. அந்த நீர் விழித்திரையின் மையமான மாக்குலாவில் தேங்கினால் எழுத்து கலங்கும், எதிரில் நிற்பவர் முகம் மங்கும். முதுமையில் வரும் மாக்குலா நோயில் குழாய்கள் விழித்திரைக்கு அடியிலுள்ள படலத்திலிருந்து மேலே துளைத்துக்கொண்டு வருகின்றன. முளைக்கும் இடம் வேறு. முளைக்கத் தூண்டும் புரதம் அதே புரதம்.

இந்தப் புரதத்தை வில்லனாக்கிவிடாதீர்கள். கருவில் குழந்தைக்கு ரத்தக்குழாய் அமைவதே இதனால்தான். எலிகளில் இதற்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலே குட்டி கருவிலேயே இறந்துவிடுகிறது என்று 1996இல் காட்டினார்கள். புண் ஆறுவதற்கும் இது வேண்டும். ஆகவே உடம்பு முழுவதும் இதை ஒழித்துக்கட்டுவது நம் நோக்கமாக இருக்க முடியாது. ஒரு கண்ணுக்குள், ஒரு மூலையில், மிகையாக ஊறும் அளவை மட்டும் அடக்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் ஆகாதா, சொட்டு மருந்து போட்டால் ஆகாதா என்று கேட்கும் அத்தனை பேருக்கும் விடை இதில் இருக்கிறது. புரதத்தை விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். சொட்டாக விட்டால் அவ்வளவு பெரிய மூலக்கூறு விழித்திரை வரை போய்ச் சேராது. ரத்தத்தில் ஏற்றினால் உடம்பு முழுவதும் போகும். மிஞ்சுவது ஊசி ஒன்றுதான்.

இந்த மருந்து எப்படிப் பிறந்தது? 1948இலேயே ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர், விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் ஊறிப் பரவி ரத்தக்குழாய்களை வளர்க்கிறது என்று ஊகித்தார். பொருள் எது என்று அவருக்குத் தெரியாது. 1971இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன், புற்றுநோய்க் கட்டிகள் தமக்கென்று ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்கின்றன, அதைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்றார். நெடுங்காலம் அவரை நம்பியவர்கள் குறைவு. 1983இல் ஹெரால்ட் ட்வோராக்கின் குழு, குழாய்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டது. 1989இல் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தின் நப்போலியோனே ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் செல்களிலிருந்து ரத்தக்குழாய் வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். கசியவைப்பதும் வளர்ப்பதும் ஒரே புரதம்தான் என்று பிறகு தெரிந்தது. 1994இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த நீரில் அதே புரதம் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். மைக்கேல்சன் ஊகித்த பொருள் அகப்பட 46 ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை எலியில் உண்டாக்கி, மனித உடம்பு ஏற்கும்படி திருத்தியிருந்தார்கள். அதுதான் பெவாசிசுமாப், அவாஸ்டின் என்பது கடைப்பெயர். 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. எதற்கு? கண்ணுக்கல்ல, பெருங்குடல் புற்றுநோய்க்கு.

கண்ணுக்கென்று அதே நிறுவனம் வேறொன்றைச் செய்தது. எதிர்ப்பொருளின் முழு உருவம் பெரிது, விழித்திரைக்குள் ஊடுருவாது என்று அப்போது நினைத்தார்கள். ஆகவே அதே எலி எதிர்ப்பொருளின் வழியில் பிடிப்புள்ள துண்டை மட்டும் எடுத்து, பிடியை இன்னும் இறுக்கி, ரானிபிசுமாப் என்ற மருந்தை உண்டாக்கினார்கள். முழு எதிர்ப்பொருளின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 716 முதியவர்களிடம் அதைச் சோதித்தார்கள். மாதம் ஒரு ஊசி. ஒப்பிடுவதற்காக ஒரு பகுதியினருக்கு ஊசி போடுவது போன்ற பாவனை மட்டும். ஓராண்டு முடிவில் என்ன ஆயிற்று? பாவனை ஊசி பெற்றவர்கள் கண் பரிசோதனை எழுத்துப் பலகையில் சராசரியாகப் பத்து எழுத்துகளை இழந்திருந்தார்கள்; மருந்து பெற்றவர்கள் ஏழு எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 95 பேர் பெரிய இழப்பிலிருந்து தப்பினார்கள். மூன்றில் ஒருவர் பலகையில் மூன்று வரி கூடுதலாகப் படிக்கத் தொடங்கினார். அதுவரை இந்த நோய்க்கு இருந்த சிகிச்சைகள் பார்வை போகும் வேகத்தைக் குறைத்தன, அவ்வளவுதான். போன பார்வையில் ஒரு பகுதியைப் பலருக்கும் திருப்பித் தந்த முதல் சிகிச்சை இது. 2006 ஜூனில் இதற்கு அனுமதி வந்தது.

ஊசி என்றதும் உங்களில் பலருக்குக் குலை நடுங்கும். அது எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுகிறார்கள். பிறகு போவிடோன் அயோடின் கரைசலை இமையிலும் விழிமேலும் விட்டுக் கிருமிகளைக் கொல்கிறார்கள். உண்மையில் எரிவது இதுதான், ஊசி அல்ல. இமைகள் மூடாதபடி ஒரு சிறு கம்பிக் கவ்வி. நோயாளியை ஒரு பக்கம் பார்க்கச் சொல்லி, கருவிழி விளிம்பிலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியே மயிரிழை ஊசி இறங்குகிறது. அந்த இடத்தில் லென்ஸும் இல்லை, விழித்திரையும் இல்லை. உள்ளே போகும் மருந்து 0.05 மில்லி, அதாவது ஒரே துளி. சில நொடிகளில் வேலை முடிந்தது. ஆனால் நண்பர்களே, அந்தத் துளி அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அதில் பாதி கண்ணைவிட்டு வெளியேறிவிடுகிறது; மறுபாதியும் மெல்லக் குறைகிறது. குழாய்களை முளைக்கச் சொல்லும் செல்களோ அப்படியே இருக்கின்றன; மீண்டும் புரதத்தைச் சுரக்கின்றன. ஆகவே மீண்டும் ஊசி. முதலில் மாதம் ஒன்று. நோய் அடங்கினால் இடைவெளியைக் கூட்டலாம். சிலருக்குச் சில ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுவதும். இது நோயை வேரோடு பிடுங்கும் சிகிச்சை அல்ல, அடக்கிவைக்கும் சிகிச்சை. என் வாதம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஒருமுறை போட்டு முடிவதாக இருந்தால், கடனோ உடனோ வாங்கி விலையுயர்ந்த மருந்தையே போட்டுவிடலாம். ஆண்டுக்கு ஏழெட்டு முறை என்றால்?

இங்கேதான் விலையின் கதை தொடங்குகிறது. கண்ணுக்கான ரானிபிசுமாப் சந்தைக்கு வரக் காத்திருந்த காலத்தில், மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற விழித்திரை மருத்துவர் ஓர் எளிய கேள்வி கேட்டார். புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற அண்ணன் மருந்து கடையில் இருக்கிறதே, அதில் ஒரு துளியைக் கண்ணில் போட்டால் என்ன? 2005இல் போட்டுப் பார்த்தார். தேங்கிய நீர் வடிந்தது. செய்தி பரவிய வேகத்தில் உலகெங்கும் மருத்துவர்கள் அதைக் கைக்கொண்டார்கள். காரணம் மறைவானதல்ல. அமெரிக்காவில் அப்போது ரானிபிசுமாப் ஒரு ஊசிக்கு ஏறக்குறைய 2000 டாலர்; பெவாசிசுமாப் குப்பியைப் பிரித்து எடுத்த துளி 50 டாலர். நாற்பது மடங்கு. நிறுவனம் ஒன்றே, பிடிக்கும் புரதம் ஒன்றே, விலை மட்டும் நாற்பது மடங்கு!

இரண்டும் சமம்தானா? இந்தக் கேள்விக்கு விடை காணத் தயாரிப்பாளருக்கு ஆர்வம் இருக்கவில்லை. இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் மக்கள் வரிப்பணத்தில் அந்தச் சோதனையை நடத்தியது. கேட் என்று சுருக்கமாக வழங்கும் அந்த ஆய்வில் ஏறக்குறைய 1200 முதியவர்கள் சேர்ந்தார்கள். 2011இல் முடிவு வெளியாயிற்று. மாதாமாதம் ரானிபிசுமாப் பெற்றவர்கள் சராசரியாக எட்டரை எழுத்து கூடுதலாகப் படித்தார்கள். மாதாமாதம் பெவாசிசுமாப் பெற்றவர்கள் எட்டு எழுத்து. அரை எழுத்து வித்தியாசம்! அடுத்து ஐரோப்பாவுக்கு வாருங்கள். 2014இல் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம், மலிவான மருந்து ஆபத்தானது என்ற தோற்றத்தை உண்டாக்கக் கூட்டுச் சேர்ந்ததாக ரோஷ், நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் அரசு மருத்துவ அமைப்புகள் 12 சேர்ந்து நோயாளிகளுக்குப் பெவாசிசுமாப்பையும் முன்வைக்க முடிவெடுத்தபோது, நோவார்ட்டிஸும் பேயர் மருந்து நிறுவனமும் வழக்குத் தொடர்ந்தன, 2018இல் தோற்றன, 2020இல் மேல்முறையீட்டிலும் தோற்றன. நிறுவனங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் இந்த மருந்தே இல்லை. ஆனால் எது நல்லது என்ற கேள்வியை விற்பவரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம்: கண்ணில் போட அனுமதி பெறாத மருந்தை ஏன் கண்ணில் போட வேண்டும்? நியாயமான கேள்விதான். அனுமதிச் சீட்டு என்பது என்ன? தயாரிப்பாளர் விண்ணப்பித்து, ஆதாரம் கொடுத்து, அரசு ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம். விண்ணப்பிக்கவே ஒருவர் முன்வரவில்லை என்றால் சீட்டு வராது. மருந்து வேலை செய்யாது என்பது அதிலிருந்து பெறப்படாது. ஆதாரம் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இருக்கிறது. அந்த ஆதாரத்தைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பெவாசிசுமாப்பைக் கண் சிகிச்சைக்கான மருந்தாகத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2024இல் ஐரோப்பாவில், கண்ணுக்கென்றே தயாரித்த பெவாசிசுமாப் ஒன்று முறைப்படி அனுமதியும் பெற்றது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது: கிருமித் தொற்று. 2016 ஜனவரியில் குஜராத்தில் இந்த மருந்தைப் போட்டுக்கொண்ட பலருக்குக் கண்ணில் கடும் அழற்சி ஏற்பட்டது. இந்தியாவின் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, கண்ணில் இதைப் போடாதீர்கள் என்று எச்சரிக்கை விடுத்தார். கண் மருத்துவர் சங்கங்கள் முறையிட்ட பிறகு மார்ச் மாதம் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2010இல் ஷாங்காயில் போலி மருந்தால் பலர் பாதிக்கப்பட்டார்கள். 2023இல் பாகிஸ்தானின் பஞ்சாபில் இந்த மருந்தைப் போட்டுக்கொண்ட பலர் பார்வை இழந்தார்கள். இதை எப்படிச் சாதாரணமாக ஒதுக்க முடியும்? ஒதுக்கக் கூடாது. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புற்றுநோய்க்காக வரும் குப்பியில் நான்கு மில்லி மருந்து, நூறு மில்லிகிராம். ஒரு கண்ணுக்கு வேண்டியது ஒன்றேகால் மில்லிகிராம். கணக்குப்படி எண்பது கண்களுக்கு வரும். சிந்துவதும் தங்குவதும் போக அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அந்தக் குப்பியில் கிருமி வளராமல் காக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. ஆகவே அதை அறுவை அரங்கின் மேசையில் வைத்துக்கொண்டு, ஆள் வர வர மூடியைக் குத்திக் குத்தி எடுத்தால், குத்தும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வாசல் திறக்கிறோம். சரியான முறை வேறு. வடிகட்டிய காற்று வீசும் கூண்டுக்குள், தூய உடையும் கையுறையும் அணிந்த மருந்தாளுநர் குப்பியை ஒரே முறை திறந்து, ஒவ்வொரு துளியையும் தனித்தனி சிரிஞ்சில் அடைத்து, தொகுதி எண்ணும் தேதியும் ஒட்டி, இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் வைக்கிறார். மாதிரி ஒன்று கிருமிச் சோதனைக்குப் போகிறது. போலியைத் தவிர்க்க, குப்பி எந்தக் கடையிலிருந்து எந்தச் சீட்டில் வந்தது என்ற கணக்கு இருக்கிறது. இப்படிச் செய்யும் இடங்களில், கண்ணுக்குள் போடும் எந்த ஊசிக்கும் உள்ள ஆபத்துதான் இதற்கும்: ஏறக்குறைய இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒரு தொற்று. சமையல்காரர் கை கழுவவில்லை என்பதற்காக அரிசியைத் தடைசெய்யச் சொல்வார் யாருமில்லை. இந்த மருந்தை மட்டும் தடைசெய்யச் சொன்னார்கள்.

மூன்றாவது வாதம், ஆய்வாளர்களே தரும் வாதம். எனக்கு மிகவும் இடைஞ்சலான வாதமும் இதுதான். 2011இல் அஃப்லிபெர்செப்ட் என்ற மூன்றாவது புரதம் வந்தது. இது விஇஜிஎஃப் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளின் துண்டுகளை ஓர் எதிர்ப்பொருளின் வாலோடு இணைத்துச் செய்த பொய் ஏற்பி. சர்க்கரை நோயால் மாக்குலாவில் நீர் கோத்த 660 பேரிடம் மூன்று மருந்துகளையும் ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பார்வை கொஞ்சமாகக் குறைந்திருந்தவர்களுக்கு மூன்றும் சமம். ஆனால் பார்வை நன்றாகவே குறைந்திருந்தவர்களுக்கு ஓராண்டில் அஃப்லிபெர்செப்ட் 19 எழுத்து தந்தது, ரானிபிசுமாப் 14, பெவாசிசுமாப் 12. இது சின்ன வித்தியாசம் இல்லை. இல்லையென்று நான் சாதிக்க மாட்டேன். அப்படியானால் என் கட்சி தோற்றதா? அதே ஆய்வுக் குழு அடுத்த கேள்வியையும் கேட்டது. அப்படிப்பட்ட கண்களுக்கே மலிவான மருந்தில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் விலையுயர்ந்ததற்கு மாறினால் என்ன? 2022இல் விடை வந்தது. இரண்டு ஆண்டுகளில், முதலிலிருந்தே அஃப்லிபெர்செப்ட் பெற்றவர்கள் 15 எழுத்து முன்னேறினார்கள். மலிவானதில் தொடங்கியவர்கள் 14. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மலிவானதில் தொடங்கிய கண்களில் நூற்றுக்கு எழுபது, இரண்டு ஆண்டுகளுக்குள் மாற வேண்டியிருந்தது. ஆகவே விலையுயர்ந்த மருந்தே வேண்டாம் என்பது என் வாதமாக இருக்க முடியாது. தொடங்குமிடம் மலிவானதாக இருக்கட்டும். மாறும் வழி அரசு மருத்துவமனையிலும் திறந்திருக்கட்டும். முப்பது பேருக்கு மிச்சமாகும் பணம், எழுபது பேருக்கு உதவும்.

நான்காவதாக ஒன்று கேட்பார்கள். புது மருந்துகள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும் என்கிறார்களே. அலைச்சல்தான் பகை என்று சொல்லும் நீங்கள் அவற்றை அல்லவா வரவேற்க வேண்டும்? வரவேற்கிறேன். 2022இல் வந்த ஃபாரிசிமாப் ஒரே நேரத்தில் இரண்டு புரதங்களைப் பிடிக்கிறது. 2023இல் அஃப்லிபெர்செப்டே நான்கு மடங்கு வீரியத்தில் வந்திருக்கிறது. பலருக்கு இடைவெளி நீள்கிறது. ஆனால் புதியது என்பதாலேயே சிறந்தது என்று துள்ளக் கூடாது. 2019இல் ப்ரோலுசிசுமாப் இதே வாக்குறுதியோடு வந்தது. நான்கே மாதத்தில், சில நோயாளிகளின் விழித்திரை ரத்தக்குழாய்களில் அழற்சியும் அடைப்பும் வருவதாக அமெரிக்க விழித்திரை மருத்துவர் சங்கம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. நாள்பட்ட அனுபவம் என்பதும் ஒரு ஆதாரம். பெவாசிசுமாப்புக்கு அது இருபது ஆண்டு இருக்கிறது. உடம்பின் மற்ற பகுதிகளுக்குத் தீங்கு வராதா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தது. கேட் ஆய்வில் பெவாசிசுமாப் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கும், மற்றவர்களில் 19 பேருக்கும் மருத்துவமனையில் சேரும் அளவு ஏதோ ஒரு உடல்நலக் கோளாறு வந்தது. ஆனால் இந்த மருந்தோடு தொடர்புபடுத்தத்தக்க பக்கவாதம், மாரடைப்பு, மரணம் ஆகியவற்றில் வேறுபாடு தென்படவில்லை. அண்மையில் பக்கவாதம் வந்தவருக்கு மருத்துவர் எதைப் போடுவதானாலும் யோசித்துத்தான் போட வேண்டும்.

இப்போது என் முதல் கூற்றுக்கான சான்றை முன்வைக்கிறேன்: ஊசி தொடராவிட்டால் என்ன நடக்கும்? கேட் ஆய்வில் இருந்தவர்கள் இரண்டு ஆண்டு முடிந்ததும் வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பினார்கள். சோதனைக் காலத்து நெருக்கமான கண்காணிப்பு இல்லை, ஊசிகளும் குறைந்தன. ஐந்தாம் ஆண்டில் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டாம் ஆண்டில் இருந்த பார்வையில் சராசரியாக 11 எழுத்து போயிருந்தது. சிகிச்சை தொடங்கிய நாளைவிடவும் மூன்று எழுத்து குறைவு. பெற்றதெல்லாம் கரைந்தது. எட்டு எழுத்தா எட்டரையா என்று மருந்துக்கு மருந்து வாதாடுகிறோம். கவனிப்பு தளர்ந்த காலத்தில் போனது பதினொன்று! சர்க்கரை நோயில் புதுக் குழாய் முளைத்த கண்களில் இது இன்னும் கொடுமை. அங்கே பழைய சிகிச்சை லேசர். விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு, ஆக்சிஜன் தேவையையே குறைப்பது. அது கடும் பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று 1976இலேயே நிறுவப்பட்டது. 2015இல் ஊசியும் அதற்கு இணை என்று ஓர் ஆய்வு காட்டியது, தவறாமல் வருபவர்களிடம். வராமல் போனவர்கள்? பிலடெல்பியா மருத்துவர்கள் 2019இல் அதைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வராமல் இருந்துவிட்டுத் திரும்பியவர்களில், ஊசி மட்டும் பெற்றிருந்த கண்கள் லேசர் பெற்றிருந்த கண்களைவிட மோசமாகக் கெட்டிருந்தன. விழித்திரை இழுபட்டுப் பிரிந்தவையும் அவற்றில்தான் அதிகம். லேசர் தழும்பு நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அங்கேயே இருக்கும். ஊசியில் போகும் புரத மருந்து ஒரு மாதத்தில் கரைந்துவிடும். ஆகவே நாளைக்கு வருவாரா என்ற ஐயம் உள்ள நோயாளிக்கு லேசரை ஒதுக்காதீர்கள் என்றுதான் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்வேன். புதியதை வாழ்த்தும்போது பழையதைப் பரணில் போட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை நம் நாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. நாற்பது வயது கடந்த சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 12, 13 பேருக்கு விழித்திரையில் பாதிப்பு. நூற்றுக்கு நான்கு பேருக்குப் பார்வையையே பறிக்கக்கூடிய அளவு. பலர் கூலி வேலை செய்பவர்கள். ஊசி நாள் என்றால் அன்று கூலி போகிறது. கூட வரும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய கூலியும் போகிறது. பேருந்துக் கட்டணம் தனி. இதற்கு மேல் மருந்தின் விலை. விலைக்குறைப்பு என்பது கனவு என்று யாராவது சொன்னால், மதுரையைக் காட்டுங்கள். கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் ஏழைக்கு எட்டாமல் இருந்தது. 1992இல் அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் அதை இங்கேயே செய்யத் தொடங்கி, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விலையை இறக்கியது. கண்புரை ஒரே அறுவையோடு முடிவது, இது தொடர்வது, இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லை. தொடர்வது என்பதால்தான் விலை இன்னும் குறைய வேண்டும் என்கிறேன். ரானிபிசுமாப்பின் மாற்றுப் பிரதியை உலகில் முதலில் அனுமதித்த நாடு இந்தியா, 2015இல். பெவாசிசுமாப்பின் பிரதிகளையும் நம் நிறுவனங்கள் தயாரிக்கின்றன. செய்யும் கை இருக்கிறது.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை பெரிய ஆராய்ச்சிக்கூடங்களல்ல. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் சிரிஞ்சில் அடைத்து, சோதித்து, முத்திரையிட்டு மருந்து அனுப்ப மண்டலத்துக்கு ஒரு பிரிப்பு மையம். ஊசி நாள் என்று மாதத்தில் குறித்த நாட்கள். ஒரே நாளில் பலர் வந்தால் பிரித்த மருந்து வீணாகாது. வராதவர் யார் என்று பார்த்து வீட்டுக்குப் போன் செய்ய ஓர் ஆள். இந்த மூன்றாவதற்குத்தான் எல்லாவற்றிலும் செலவு குறைவு. பார்வையைக் காப்பதில் இதற்கு ஈடான மருந்து இன்னும் வரவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. வீட்டில் யாருக்குச் சர்க்கரை இருந்தாலும், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் முற்றும்வரை பார்வையில் குறை தெரிவதில்லை. ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களோ, அடுத்த ஊசி எந்தத் தேதி என்று சீட்டில் எழுதி வாங்காமல் மருத்துவமனை வாசலைத் தாண்டாதீர்கள்.